கண்ணாடி நகர்ந்த நான்கு விரற்கடை

சன்ரூஃப் வைத்த கார் பட்டறைக்கு வந்தால் என் ஆட்கள் யாரையும் தொடவிட மாட்டேன். பிரேக், கிளட்ச், எதை வேண்டுமானாலும் அவர்கள் பிரித்துப் போடட்டும். கூரை மட்டும் என் வேலை. குன்னூருக்கு ஏறி வரும் வண்டிகளில் பாதிக்கு இப்போது கூரையில் கண்ணாடி இருக்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் பிள்ளைகளை அதில் நிற்கவைத்து மலையைக் காட்டிக்கொண்டு போகிறார்கள். போன மாதம் அப்படி வந்த ஒருவர், "கண்ணாடி சிக்குது, கொஞ்சம் கிரீஸ் அப்பி விடுங்க" என்றார். எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ, "அப்புறதுக்கு இது என்ன மாட்டுவண்டிச் சக்கரமா?" என்று கத்திவிட்டேன். பாவம், அவர் என்ன கண்டார். அவர் மனைவி பிள்ளையை இழுத்துக்கொண்டு எதிர்த்த டீக்கடைக்குப் போய்விட்டார்.

வேலை என்னவோ சின்ன வேலைதான். கண்ணாடியை முழுக்கத் திறந்து, இரண்டு பக்கத்துத் தடங்களிலும் கிடக்கும் மண்ணையும் இலைச்சருகையும் மெல்லிய பிரஷ்ஷால் எடுக்க வேண்டும். பழைய கிரீஸை நூல் பிரியாத துணியால் துடைக்க வேண்டும். மண்ணெண்ணெய் கூடாது, ரப்பர் ஊதிவிடும். முனைகளில் தண்ணீர் வடிகிற துளைகளைச் சவுக்கு இலை அடைத்திருக்கிறதா என்று ஒரு குவளை தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். பிறகு இதற்கென்றே விற்கிற மெல்லிய வெள்ளை கிரீஸை நகத்தில் படும் அளவு எடுத்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாதபடி தடவ வேண்டும். ஐந்தாறு முறை திறந்து மூடி, பிதுங்கியதைத் துடைத்துவிட்டால் முடிந்தது.

இதெல்லாம் எனக்கு ஒரு மனிதரின் கை போன பிறகுதான் தெரிந்தது. அவர் என் மனைவியின் அண்ணன். அவர் விரல்களை உடைத்தவன் நான். உடைத்ததை அவர் மன்னித்தார். அதற்குப் பிறகு நான் செய்த ஒன்று அவருக்குத் தெரியாது. அது தெரியாதவரைக்கும்தான் எனக்கு வீடு, மனைவி எல்லாம். இருபது வருடத்துக்கு மேலாக அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

கூடலூரிலிருந்து நாடுகாணி போகும் வழியில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் நான் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பிட்டராக இருந்தேன். சொந்தத் தோட்டம் இல்லாத ஃபேக்டரி. சுற்றுவட்டாரத்தில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்களிடம் பச்சை இலை வாங்கி அரைப்போம். அப்படி இலை கொடுத்தவர்களில் மச்சானும் ஒருவர். சிலோனிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய குடும்பம். அவருடைய அப்பா காட்டைத் திருத்தி நட்ட ஒரு ஏக்கர் தேயிலைதான் அவர்களுக்கு எல்லாம். கொழுந்தெடுப்பது பொம்பளை வேலை என்பார்கள். மச்சான் முதுகில் கூடையை மாட்டிக்கொண்டு இரண்டு கையாலும் எடுப்பார். பார்த்துச் சிரித்த ஆம்பளைகளை, "எங்கூட ஒரு வரிசை நின்னு பாரு, அப்புறம் சிரி" என்பார். ஒருவனும் அவரோடு நின்று முடித்ததில்லை.

முதலாளி கோயம்புத்தூர்க்காரர். விலை நன்றாக இருந்த காலத்தில் எங்கிருந்தோ பழையதாக ஒரு பெரிய வெள்ளைக் காரை வாங்கி வந்தார். அதன் கூரையில் கண்ணாடி. பொத்தானை அமுக்கினால் பின்னால் போகும், இன்னொன்றை அமுக்கினால் முன்னால் வந்து மூடிக்கொள்ளும். எங்கள் பக்கத்தில் அதுவரை யாரும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. 'கூரை கிழிஞ்ச காரு' என்று பெயர் வைத்தார்கள். திங்கட்கிழமைகளில் முதலாளி அந்தக் காரில் ஒவ்வொரு இலைக் கொட்டகையாகப் போவார். கொட்டகை முன்னால் கூரையைத் திறந்து, சீட்டில் ஏறி, இடுப்புவரை வெளியே நின்று அந்த வாரத்து இலை விலையைச் சொல்வார். கீழே நிற்பவர்கள் கேலி பண்ணுவார்கள், அவரும் சிரிப்பார். அது எங்கள் ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது. தேர் மேலே நின்று சாமி வாக்குக் கொடுத்தது போலத்தான். மேலே நின்று சொன்ன விலையை அவர் மாற்றியதே இல்லை.

பிறகு தேயிலை விலை விழுந்தது. தடுக்கி விழுந்தவனைப் போல அல்ல, மலைமேல் இருந்து விழுந்தவனைப் போல. முதலாளி கொட்டகைக்கு வருவதை நிறுத்தினார். விலையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஆளிடம் கொடுத்தனுப்பினார். சில வாரம் சீட்டே வரவில்லை. ஃபேக்டரியில் ஒவ்வொருவராக வேலையிலிருந்து நின்றார்கள். முதலில் டிரைவரை நிறுத்தினார், அவர் வேலையும் என் தலையில் விழுந்தது. இலை அரைக்கும் ரோலர் ஓடாத நாட்களில் நான் கார் கழுவினேன். பதினைந்து வருடம் இரும்போடு மல்லுக்கட்டிய கை, ஷாம்பு நுரையில் கிடந்தது. எனக்கு இருந்த எரிச்சலில் எதிரே வந்த நாயைக்கூட உதைத்தேன் அப்போது.

ஜூன் மழையில் கூரையிலிருந்து முதலாளியின் கழுத்தில் தண்ணீர் சொட்டியது. கண்ணாடி நகரும்போது கிரீச்சென்று கத்தியது. "என்ன பிட்டருங்க நீங்க? ஒரு கண்ணாடியச் சரி பண்ணத் துப்பில்லையா?" என்றார். ஃபேக்டரி பிட்டருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். கத்துகிற இடத்தில் கிரீஸ் வை. குறைத்து வைத்தால் ரோலர் பேரிங் கழுத்தறுத்துவிடும், கூட வைத்தால் ஒன்றும் குடிமுழுகாது. ரோலருக்குப் போடும் கறுப்பு கிரீஸை ஒரு கை அள்ளி இரண்டு தடத்திலும் அப்பினேன். கத்தல் நின்றது. எனக்கு அவ்வளவு பெருமை.

ஆனால் கார் நின்ற இடம் தூள் சலிக்கும் அறைக்குப் பின்புறம். அங்கே விசிறி வெளியே தள்ளும் தேயிலைத் தூசி பஞ்சு போல மிதந்து எல்லாவற்றின் மேலும் படியும். அது கிரீஸில் ஒட்டி, கூடலூர் குளிரில் இறுகி, கறுப்புப் பசையாகக் கட்டிக்கொண்டது. இரண்டு மாதமாக யாரும் கூரையைத் திறக்கவில்லை. மேலே நின்று சொல்ல முதலாளியிடம் விலை இல்லையே!

இலைக்காரர்கள் கொதித்துப் போயிருந்தார்கள். அவர்கள் கேட்டது ஒன்றுதான். சீட்டு வேண்டாம், ஆள் வரட்டும், எப்போதும் நிற்கிற இடத்தில் நின்று சொல்லட்டும். கடைசியில் ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு முதலாளி கிளம்பினார். நான்தான் ஓட்டினேன்.

கொட்டகைக்கு முன்னால் இருநூறு பேராவது இருப்பார்கள். சனிக்கிழமை எடுத்த இலை சாக்குகளில் கட்டியபடியே கிடந்தது. கட்டிவைத்த பச்சை இலை உள்ளே வேகும், கையை விட்டால் சுடும். அந்தப் புளித்த வாடை காருக்குள் வந்தது. வளைவிலேயே மச்சான் ஓடிவந்து என் ஜன்னலைத் தட்டினார்.

"மாப்ள, உள்ள கொண்டாராத. ஆளுங்க சரியில்ல. திருப்பிக்கிட்டுப் போயிரு."

நல்லதுக்குத்தான் சொன்னார். பக்கத்தில் முதலாளி இருந்தார், எனக்கு ரோஷம் வந்தது. "தள்ளுங்க மச்சான். வண்டி ஓட்ட எனக்குத் தெரியும்" என்று கூட்டத்தின் நடுவே கொண்டுபோய் நிறுத்தினேன்.

முதலாளி பொத்தானை அமுக்கினார். கண்ணாடி முனகிக்கொண்டு பாதி போய் நின்றது. அந்தப் பாதியில் எப்படியோ உடம்பைத் திணித்து எழுந்து நின்றார். கூட்டம் அமைதியானது. இன்னும் எனக்கு அந்த அமைதி காதில் இருக்கிறது. இரண்டு நல்ல வார்த்தை சொல்லியிருந்தால் கலைந்து போயிருப்பார்கள். அவர் சொன்னார், "ஒரு வாரத்துக்கு இலை எடுக்கறதில்லீங்க. நீங்க கொண்டாறது இலையே இல்ல, குப்பை. மாட்டுக்குப் போடுங்க."

திறந்திருந்த என் ஜன்னல் வழியாக ஒரு கை வந்து என் கன்னத்தில் அறைந்தது. மச்சான். "இவனுக்காடா நீ வண்டி ஓட்டுற?" என்றார். அவர் என்னை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. கண்ணில் பொறி பறந்தது. இருநூறு பேர் பார்க்க, பெண்டாட்டியின் அண்ணன் கையால் அறை வாங்கினேன். ஜன்னலை ஏற்றினேன்.

முதல் சாக்கு முதலாளியின் மார்பில் வந்து மோதியது. வெந்த இலை என் தலைமேலும் மடிமேலும் கொட்டியது. முதலாளி சீட்டில் விழுந்து, "மூடு, மூடித் தொலைடா!" என்று அலறிக்கொண்டு பொத்தானைக் குத்தினார். மோட்டார் உறுமியது. கண்ணாடி அசையவில்லை. பிறகு கல் வந்தது. ஒன்று கூரையில், ஒன்று பின்கண்ணாடியில். மூன்றாவது கூரைத் திறப்பின் வழியாக நேராக இறங்கி முதலாளியின் நெற்றியைப் பிளந்தது. ரத்தம் அவர் கண்ணை மூடிக்கொண்டு வழிந்தது. வெளியே "எறக்கடா அவன! எறங்கடா தாழே!" என்று தமிழும் மலையாளமுமாகக் கத்தினார்கள். வண்டியை ஆட்டினார்கள். கவிழ்த்துக் கொளுத்தப்போகிறார்கள் என்றே நினைத்தேன். வண்டியைக் கிளப்பப் பார்த்தேன், கால் கிளட்சிலிருந்து நழுவி இன்ஜின் நின்றுபோனது.

அப்போது முன்பானெட் மேல் ஒருவர் ஏறினார். முகத்துக்கு நேரே அவர் வயிறும் வேட்டியும். தலைக்கு மேல் பார்த்தேன். கண்ணாடியின் முன்விளிம்புக்கு அடியில் எட்டு விரல்கள் கொக்கி போல வளைந்து பிடித்திருந்தன. இடது கை மோதிரம் எனக்குத் தெரியும். என் கல்யாணத்தில் நான் போட்ட மைத்துனர் மோதிரம்.

கண்ணாடியைப் பிடுங்குகிறார் என்று நினைத்தேன். சீட்டுக்கு அடியிலிருந்து வீல் ஸ்பேனரை எடுத்தேன். மூன்று முறை ஓங்கி அடித்தேன். பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு அடித்ததாகப் பின்னால் சொல்லியிருக்கிறேன். அது பொய். குறி பார்த்துத்தான் அடித்தேன், அறை வாங்கிய கன்னம் எரிய எரிய அடித்தேன். முதல் அடிக்கு அவர் கையை எடுக்கவில்லை. இரண்டாவதுக்கும் எடுக்கவில்லை. மூன்றாவதில் எலும்பு உடைகிற சத்தம் கேட்டது. காய்ந்த சுள்ளி முறிகிற சத்தம்தான். மனதுக்குள் ஒரு திருப்தி வந்தது என்று சொன்னால் இப்போது யார் நம்புவார்கள்? வந்தது.

போலீஸ் வண்டி வந்ததும் கூட்டம் தேயிலைக்குள் இறங்கி ஓடியது. மச்சான் ஓடவில்லை, பானெட்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்டர் அவர் கையைத் தூக்கிப் பார்த்தார். ரத்தத்தோடு கறுப்பு கிரீஸ் மணிக்கட்டுவரை அப்பியிருந்தது. "கூரையப் பேத்தது நீதானா?" என்று ஒரு உதை விட்டார்.

"மூடத்தான் சார் பாத்தேன். உள்ள எந்தங்கச்சி புருஷன் இருக்கான்" என்றார் மச்சான்.

ஒரு போலீஸ்காரர் சிரித்தார். மூன்றடி தள்ளி நின்றிருந்த நானும் நம்பவில்லை. அடித்து ஏற்றிக்கொண்டு போனார்கள்.

முதலாளியை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். தையல் போடும்போதே அவர் சொன்னார், "போலீசு நாளைக்கு வண்டியப் பாக்க வருது. மழை வேற வருது. எப்படியாச்சும் கூரைய மூடி வையிங்க." நான் ஃபேக்டரிக்கு வண்டியைக் கொண்டுவந்து, ஷெட்டில் விட்டு, கூரைமேல் ஏறினேன். மாலை நான்கு மணி இருக்கும். நல்ல வெளிச்சம்.

முதலில் தடத்தைத்தான் பார்த்தேன். மோட்டாருக்கு ஒரு குறையும் இல்லை, கல்லும் ஒன்றையும் வளைக்கவில்லை. நான் வைத்த கிரீஸ். தேயிலைத் தூசி குடித்து, தார் போல இறுகி, கண்ணாடியைக் கவ்விப் பிடித்திருந்தது. முதலாளியின் மண்டை பிளந்தது என்னால். இது தெரிந்தால் நாளைக்கே என்னை வீதியில் நிறுத்துவார்.

அதற்குப் பிறகுதான் மற்றதைப் பார்த்தேன். கண்ணாடி பாதியில் சிக்கி நின்ற இடத்தில் பசை ஒரு வரப்பு போலக் குவிந்திருந்தது, இரண்டு தடத்திலும் ஒரே இடத்தில். ஆனால் கண்ணாடி இப்போது அந்த வரப்பில் இல்லை. அதைத் தாண்டி நான்கு விரற்கடை முன்னால் வந்திருந்தது. முன்னால் என்றால் மூடுகிற பக்கம். குனிந்து கண்ணாடியின் அடிப்பக்கம் பார்த்தேன். கறுப்பு கிரீஸில் எட்டு விரல் தடம். எட்டும் முன்பக்கமாக இழுபட்டிருந்தன. பிடுங்க நினைப்பவன் பின்னால் தள்ளுவான். இவர் பானெட்டில் நின்று தன் பக்கமாக, மூடுகிற பக்கமாக இழுத்திருக்கிறார். கல் அவர் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. நான் விரலை அடித்துக்கொண்டிருந்தேன். முதல் இரண்டு அடிக்கும் அவர் கையை எடுக்காதது ஏன் என்று அப்போது விளங்கியது.

இறங்கி ஓடியிருக்க வேண்டும். ஸ்டேஷன் இரண்டு மைல். இன்ஸ்பெக்டரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, இதைப் பாருங்கள் என்று காட்டியிருக்க வேண்டும். மச்சான் அன்றைக்கே வீட்டுக்கு வந்திருப்பார். எனக்கு வேலை போயிருக்கும், அவ்வளவுதான்.

நான் மண்ணெண்ணெய் டப்பாவை எடுத்தேன்.

பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தடத்தைத் தேய்த்தேன். வரப்பு கரைந்தது. துணியை நனைத்து, கண்ணாடியின் அடியில் இருந்த விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். சுண்டுவிரல் தடம் ஓரத்தில் ரப்பரில் ஒட்டிக்கொண்டு போக மறுத்தது. நகத்தால் சுரண்டினேன். அழுகை வந்தது, துடைப்பதை நிறுத்தவில்லை. பிறகு தையல் மிஷினுக்கு விடும் மெல்லிய எண்ணெயை இரண்டு சொட்டு விட்டுப் பொத்தானை அமுக்கினேன். கண்ணாடி போய் மூடிக்கொண்டது. என் வாழ்க்கையில் ஒரு சன்ரூஃபை ஒழுங்காகச் சுத்தம் செய்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் இன்ஸ்பெக்டர் கேட்டார், "ஏம்ப்பா, கண்ணாடி ஏன் மூடல?"

"எம் மச்சான் கைய உள்ள விட்டு இழுத்துட்டாருங்க. தடத்துல இருந்து நழுவிடுச்சு. நான்தான் சரி பண்ணி மூடினேன்" என்றேன்.

கொலை முயற்சி என்று எழுதினார்கள். ஐந்து மாதம் ஜாமீன் கிடைக்கவில்லை. வழக்கு பிறகு நிற்கவில்லை என்பது வேறு. உடைந்த விரல்களுக்கு உள்ளே யார் வைத்தியம் பார்த்தார்கள்? வலது கையில் மூன்று விரல் கோணலாகவே கூடிவிட்டது. அந்த ஐந்து மாதமும் என் மனைவி என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணன் வீட்டில் போய் இருந்து, அண்ணியோடு சேர்ந்து அந்த ஒரு ஏக்கரில் கொழுந்தெடுத்தாள். எடுத்த இலையை வாங்க ஆளில்லை. பறிக்காமல் விட்ட இடத்தில் தேயிலை ஆளுயரம் வளர்ந்து மரமானது.

வெளியே வந்த மச்சான்தான் அவளை என்னிடம் திருப்பி அனுப்பினார். என் வாசல்வரை கூட்டிவந்து, கோணிய விரல்களோடு நின்று சொன்னார். "அவனுக்குத் தெரியாதும்மா. உள்ள கெடந்தவனுக்கு, மேல இருக்கிற கை காக்குற கையா, கொல்லுற கையான்னு எப்படித் தெரியும்? தெரிஞ்சிருந்தா அடிச்சிருப்பானா?" அந்த ஒரு பேச்சை நம்பித்தான் அவள் உள்ளே வந்தாள். அதன் பேரில்தான் எனக்குச் சோறு போட்டாள். ஃபேக்டரி மூடியதும் குன்னூர் வந்தோம், பட்டறை வைத்தோம், தலை நரைத்தது. மச்சானோடு உறவும் மெல்ல மெல்லக் கூடிவந்தது.

போன வாரம் மச்சான் பட்டறைக்கு வந்தார். மகளுக்குக் கல்யாணம். மஞ்சள் தடவிய பத்திரிகையை இடது கையில் வைத்திருந்தார், வலது கையில் பிடிப்பு நிற்காது. நான் ஒரு காரின் கூரைமேல் குனிந்து தடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எட்டி அந்தத் தடத்தைப் பார்த்தார்.

"இதானே மாப்ள அது?" என்றார் சிரித்துக்கொண்டே. "இத்துனூண்டு தடம். அன்னைக்கு என்னா பாடு படுத்திச்சு. நான் மூடத்தான் இழுத்தேன், சத்தியமா. நீ இன்னைக்கு வரைக்கும் நம்பினியோ இல்லியோ."

கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பத்திரிகையை நீட்டினார். நான் வாங்கிக்கொண்டிருக்கலாம். "நம்புறேன் மச்சான்" என்று சொல்லியிருந்தால் போதும், சோறும் வீடும் இன்னும் இருபது வருடம் ஓடியிருக்கும். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எனக்குக் கோபம்கூட வந்தது. இப்படி ஒரு மனிதர் இருந்தால் மற்றவன் எப்படிப் பிழைப்பது?

"தெரியும் மச்சான்" என்றேன். "அன்னைக்கு சாயங்காலமே தெரியும். உங்க விரல் தடம் கண்ணாடிக்கு அடியில இருந்துச்சு. நான்தான் தொடச்சேன்."

அவர் சிரிப்பு உடனே போகவில்லை. விளங்க நேரமானது. விளங்கியதும் என் மேஜைமேல் கிடந்த வீல் ஸ்பேனரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். எடுப்பார் என்று நினைத்தேன், எடுக்கட்டும் என்று கையைக் கூரை விளிம்பில் வைத்துக்கொண்டு நின்றேன். அவருடைய கோணல் விரல்கள் ஸ்பேனர் பக்கம் போயின. பிடிப்பு கூடவில்லை. அது மேஜையிலிருந்து தரையில் விழுந்தது.

நீட்டிய பத்திரிகையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"இத எந்தங்கச்சிக்கிட்ட நானே குடுத்துக்கறேன்" என்றார்.

என் வீட்டுக்குப் பட்டறையிலிருந்து படிக்கட்டு ஏறினால் பத்து நிமிடம். மச்சான் மெதுவாகத்தான் ஏறினார், முட்டி வலிக்காரர். ஓடினால் நான் முந்திப் போயிருக்கலாம். நான் போகவில்லை. தடத்தில் இன்னும் ஒரு பக்கம் பாக்கி இருந்தது.